டேப்பை நேராகப் பிடிக்கச் சொன்ன கோமதி

கோமதி இறந்துபோன செய்தி என் போனுக்கு வந்தபோது நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளி ஆசிரியர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற பிறகும் அதிலிருந்து என்னை யாரும் எடுக்கவில்லை. எரியும் மெழுகுவர்த்திப் படம் ஒன்று, அதன் கீழே கோமதியின் பழைய அடையாள அட்டைப் படம், அதற்கும் கீழே "நேர்மையின் விளக்கு அணைந்தது" என்று ஒரு வரி. அனுப்பியவர் எங்கள் தலைமையாசிரியர். கோமதியை மலைக்குத் தூக்கியடிக்க அறிக்கை எழுதிய அதே கைதான் மெழுகுவர்த்தியும் ஏற்றியிருந்தது. எனக்கு முதலில் அழுகை வரவில்லை. உச்சந்தலைக்கு ஏறியது கோபம்தான்.

குடியாத்தத்தில் இருக்கும் அவள் தம்பிக்கு போன் போட்டேன். "திருப்பத்தூர் தாண்டி பஸ்ல போய்க்கினு இருந்திருக்காக்கா. நெஞ்சு வலிக்குதுன்னு பக்கத்து சீட்டு பொம்பளகிட்ட சொல்லியிருக்கா. எறக்கிப் படுக்க வெச்சாங்களாம். அவ்ளோதாங்க்கா" என்றான். ஏன் அவள் அந்த பஸ்ஸில் இருந்தாள் என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இருவருக்கும் தெரியும்.

ஆம்பூரை அடுத்த எங்கள் நடுநிலைப் பள்ளியில் அவள் கணக்கு எடுத்தாள், நான் தமிழ் எடுத்தேன். என் பணிக்காலத்தில் பாதியை அவள் பக்கத்து நாற்காலியில் கழித்தேன். பள்ளி சார்பில் போடும் அவள் நினைவு மலருக்கு என்னை எழுதக் கேட்டவர்கள், 'அவள்' என்று எழுத வேண்டாம், 'அம்மையார்' என்று போடுங்கள் என்றார்கள். 'நல்லதா நாலு வார்த்தை போதும், பழசெல்லாம் வேணாம்' என்றும் சொன்னார்கள். என்னை அக்கா என்று கூப்பிட்டவள் எனக்கு எப்படி அம்மையார் ஆவாள்? நல்லதைத்தான் எழுதப் போகிறேன். அது யாருக்கெல்லாம் நல்லதாக இருக்காது என்பது வேறு விஷயம்.

கோமதியோடு பழகியவர்களுக்குத் தெரியும், அவளால் கோணலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. என் மகள் கல்யாணத்தில் மேடைக்குப் பின்னால் மணமக்கள் பெயர் எழுதிய தெர்மாகோல் பலகை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. முகூர்த்தத்துக்கு நேரமாகிறது. இவள் பட்டுப் புடவையோடு நாற்காலி மேல் ஏறி நின்று அதைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சம்பந்தி வீட்டார் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். "எறங்குடி, மானம் போவுது" என்றேன். "இன்னாக்கா நீ, பொண்ணு மாப்ள நேரா உக்காந்துக்கினு இருக்காங்க, பேரு மட்டும் வழுக்கி உழறாமாதிரி இருக்குது" என்றாள். இறங்கி வந்து, சாப்பாட்டில் உப்பு கம்மி என்றும் சொன்னாள். பாராட்டு மட்டும் அவள் வாயிலிருந்து வரவே வராது.

ஆறாம் வகுப்புக்கு இணைகோடு, வெட்டும் கோடு, செங்குத்துக் கோடு என்ற பாடம் வரும்போது அவள் தம்பியின் தறியில் நெய்த கட்டம் போட்ட லுங்கி ஒன்றைக் கொண்டுவந்து கரும்பலகைமேல் தொங்கவிடுவாள். அவள் குடியாத்தத்து நெசவுக் குடும்பம். லுங்கியைப் பார்த்ததும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "சிரிச்சாச்சா? இப்ப பாருங்க. மேல இருந்து கீழ வர்ற நூலெல்லாம் ஒண்ணுக்கொண்ணு எப்படி இருக்குது? குறுக்க போற நூலு அதை எப்படி வெட்டுது?" என்று ஆரம்பிப்பாள். கட்டத்தின் மூலையில் ஒரு தபால் அட்டையை வைத்துப் பார்க்கச் சொல்வாள். மூலையும் அட்டையும் ஒட்டிக்கொள்ளும். அதுதான் செங்குத்து.

அதோடு விடமாட்டாள். இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு லுங்கியின் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுக்கச் சொல்வாள். கட்டமெல்லாம் சாய்ந்துவிடும். "இப்ப அட்டைய வெச்சிப் பாரு. ஒட்டுதா? ஒட்டாது. நூலுக்கும் நூலுக்கும் நடுவுல சந்து மட்டும் அங்கயும் இங்கயும் ஒரே மாதிரி இருக்குதா? இருக்குது. இணை போகல. செங்குத்துதான் போய்டுச்சி. இழுக்கறவங்க இழுத்தா மொதல்ல கெடறது நேரா நிக்கறதுதான்." ஒருமுறை தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்கூல்ல லுங்கிய தொங்க விட்டா பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?" என்றார். "ஆம்பளைங்க கட்டிக்கினு ரோட்டுல போனா யாரும் ஒண்ணும் நெனைக்கறதில்லியே சார்" என்றாள். நான் அடுத்த அறையில் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவள் அடிக்கடி சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. அவளிடம் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: "நீட்டிப் பாரு." தாளில் இரண்டு கோடுகள் சந்திக்காமல் நின்றால் பிள்ளைகள் உடனே இணைகோடு என்று எழுதிவிடுவார்கள். ஒரு பையன் அப்படி எழுதியபோது அவள் அதைத் தப்பு என்று அடிக்கவில்லை. வகுப்பறைத் தரையில் அதே சாய்வில் இரண்டு கோடுகளைச் சாக்பீசால் போட்டு, ஆளுக்கு ஒன்றாக நீட்டிக்கொண்டே போகச் சொன்னாள். கோடுகள் வாசற்படியைத் தாண்டி, தாழ்வாரத்தைத் தாண்டி, சத்துணவுக் கூடத்துக்குள் போய் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் முட்டிக்கொண்டன. "ஏம்மா, கணக்குப் பாடம் எங்க அடுப்பு வரைக்குமா வரும்?" என்று சமையல்கார அம்மா கத்தினார். கோமதி பிள்ளைகளைப் பார்த்து, "கோடு நின்னுதுன்னா நாமளும் நிக்கணும்னு இல்ல. நீட்டிப் பாரு. எங்க போய் முட்டுதுன்னு அப்பத்தான் தெரியும்" என்றாள்.

இனிமேல் நான் எழுதப்போவதுதான் இவர்கள் வேண்டாம் என்று சொன்ன பழசு.

எங்கள் பள்ளியின் பக்கவாட்டுச் சுவரை ஒட்டி ஒரு சந்து இருந்தது. பள்ளிக்குப் பின்னால் காலனி. அங்கிருந்து பிள்ளைகள் அந்தச் சந்து வழியாக நேராக முன்வாசலுக்கு வந்துவிடுவார்கள். வேறு வழி என்றால் பெரிய ரோட்டைச் சுற்ற வேண்டும், தோல் ஏற்றிய லாரிகள் ஓயாமல் போகும் ரோடு. சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. அதன் முதலாளி எங்கள் பள்ளிக்குப் புரவலர். பெஞ்சு கொடுத்தார், மின்விசிறி கொடுத்தார், இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு வருடம் அவர் குடோனுக்கு மதில் எழுப்ப ஆரம்பித்தார். முன்பக்கத்திலிருந்து தொடங்கி, சந்தின் பாதி வரைக்கும் சுவர் வந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கோமதி ஆறாம் வகுப்பை, வெளியே போய் இணைகோடுகளைக் கண்டுபிடித்து வாருங்கள் என்று அனுப்பினாள். கம்பிக் கதவு, ஜன்னல், படிக்கட்டு என்று ஆளுக்கு ஒன்று கொண்டுவந்தார்கள். ரேவதி என்ற பெண்ணும் அவள் கூட்டாளிகளும் சந்தின் இரண்டு சுவர்களையும் எடுத்துக்கொண்டார்கள். அளப்பதற்கு அவர்கள் கொண்டுபோனது ஷூவில் வைத்துத் தைக்கிற எலாஸ்டிக் நாடா. இந்த ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் வேறு என்ன கைக்குக் கிடைக்கும்? முன்னால் வைத்துப் பிடித்தார்கள், நடுவில் வைத்துப் பிடித்தார்கள், இரண்டு இடத்திலும் ஒரே அளவு. இணைகோடுதான் டீச்சர் என்று வந்து நின்றார்கள். கோமதி அந்த நாடாவை வாங்கி இழுத்துக் காட்டிச் சிரித்தாள். "இழுத்தா நீளுற சாமான வெச்சி அளந்தா ஒலகமே இணைகோடுதான். போ, வேற கொண்டா."

ரேவதியின் அம்மா வீட்டில் உட்கார்ந்தபடியே ஷூவின் மேல்பகுதியைக் கையால் தைத்துக் கொடுக்கிறவர். ரேவதி மெழுகு பூசிய அந்தக் கெட்டி நூலைக் கொண்டுவந்தாள். அது இழுத்தாலும் நீளாது. பள்ளிச் சுவரில் அட்டையின் மூலையை வைத்து, நூலைச் செங்குத்தாகப் பிடித்து, எதிர்ச் சுவர் வரைக்கும் இழுத்து முடிச்சுப் போட்டார்கள். அப்படியே நடுவில் போய்ப் பிடித்தால் நூல் தொங்கியது. சந்து அங்கே குறுகலாக இருந்தது. பிள்ளைகள் அதை ஒரு வேடிக்கையாகச் சொன்னார்கள். கோமதியின் முகம் மட்டும் மாறிப் போனது. அன்று மாலை என்னை அழைத்துக்கொண்டு போய்ச் சந்தில் நின்றாள். "அக்கா, சுவரு பாதிதான் வந்திருக்குது. நீட்டிப் பாரு. காலனிக்குப் போறதுக்கு முன்னாடியே நம்ம சுவத்துல வந்து முட்டும். பசங்க எப்படி வரும்?" என்றாள்.

தலைமையாசிரியரிடம் போனோம். "தாராளமா வழி இருக்குதேம்மா, நீங்க ஏன் பேஜார் பண்றீங்க?" என்றார். வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனு எழுதினாள். தாலுகாவுக்கு எழுதினாள். கடைசியில் ஒருநாள் அளக்க ஆள் வந்தார்கள். சர்வேயர், கம்பெனி சூப்பர்வைசர், தலைமையாசிரியர், நாங்கள் இரண்டு பேர், வேலி ஓரமாகப் பிள்ளைகள். டேப்பின் ஒரு முனையைச் சர்வேயர் பள்ளிச் சுவரில் வைத்தார், மறுமுனையைச் சூப்பர்வைசர் பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவருக்குப் போனார். முன்பக்கம் ஒழுங்காக அளந்தார்கள். நடுவில் அளக்கும்போது சூப்பர்வைசர் எதிரே நிற்காமல் சில எட்டு தள்ளிப் போய் நின்று டேப்பை எதிர்ச் சுவரில் வைத்தார். டேப் சாய்ந்து கிடந்தது. சாய்த்துப் பிடித்தால் அளவு கூடும். முன்பக்கத்து அளவும் இந்த அளவும் அச்சாக ஒன்றாக வந்தன.

"அண்ணா, தள்ளிப் போய்ட்டீங்க. நேரா நில்லுங்க. சாச்சிப் புடிச்சா ஜாஸ்தியா வரும்" என்று சொன்னது ரேவதி. பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது அங்கே நின்ற பெரியவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரியாமல் டேப் சாயாது. கோமதி முன்னால் போய், "சார், டேப்ப செங்குத்தா புடிங்க. சந்தோட அகலம்னா அதுதான்" என்றாள். "எங்களுக்கே பாடமா? பசங்கள கிளாசுக்கு அனுப்புங்க மேடம்" என்றார் சர்வேயர். இரண்டு சுவரும் இணையாக உள்ளன, வழிக்கு இடையூறு இல்லை என்று எழுதப்பட்டது. தலைமையாசிரியர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும்போது கோமதி என்னிடம், "எலாஸ்டிக் எவ்வளவோ தேவலக்கா. அது இழுத்தாத்தான் நீளும்" என்றாள்.

சுவர் வளர்ந்தது. அவள் சொன்னபடியே காலனிக்குச் சற்று முன்னால் எங்கள் பள்ளிச் சுவரில் வந்து முட்டியது. முட்டிய இடத்தில் சிமெண்ட் வைத்துப் பூசியும் விட்டார்கள். அன்றிலிருந்து ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூட லாரி ரோட்டைச் சுற்றித்தான் வருகிறது. ஒரு பிள்ளையின் புத்தகப் பையை லாரியின் கொக்கி பிடித்து இழுத்து, பை கிழிந்து, பிள்ளை தப்பியது. அதன் தாய் ஒரு வாரம் பள்ளிக்கு அனுப்பவில்லை. அனுப்பாத தாயைப் பொறுப்பில்லாதவள் என்று காலை வணக்கக் கூட்டத்தில் பேசினார் தலைமையாசிரியர்.

கோமதி சத்தம் போட்டு நான் ஒரே ஒருமுறைதான் கேட்டிருக்கிறேன். அளவு எடுத்த அன்று குறுக்கே பேசியதற்காக ரேவதியும் மற்ற பிள்ளைகளும் புரவலரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தலைமையாசிரியர் சொன்னபோது. கையிலிருந்த சாக்பீஸ் பெட்டியை மேசைமேல் அடித்தாள். "நான் சொல்லிக் குடுத்தது சரியா தப்பான்னு சொல்லுங்க சார். தப்புன்னா நான் மன்னிப்புக் கேக்கறேன். சரின்னா எந்தப் புள்ளையும் யார் கால்லயும் உழாது." சாக்பீஸ் தரையெல்லாம் சிதறியது. பிள்ளைகள் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த சில வாரங்களில் நிர்வாகக் காரணம் என்று போட்டு அவளுக்கு ஜவ்வாது மலைப் பள்ளிக்கு மாறுதல் வந்தது. என்னையும் கூப்பிட்டு மிரட்டினார்கள். ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்ததால் என்னை விட்டுவிட்டார்கள்.

குடியாத்தத்தில் படுக்கையில் கிடக்கும் தாயை விட்டுவிட்டு மலையில் தங்க அவளால் முடியவில்லை. விடியும் முன் கிளம்பி பஸ் மாறி மாறிப் போவாள், இருட்டிய பிறகு வருவாள். அவள் எதனால் செத்தாள் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த பஸ்ஸில் அவளை ஏற்றியது யார் என்று சொல்ல டாக்டர் தேவையில்லை.

அவள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன். திரும்பவும் மனு போடு, பத்திரிகைக்காரனைக் கூப்பிடு, கோர்ட்டுக்குப் போ என்று போனில் நான் கத்தாத நாள் கிடையாது. இவள் மலைப் பிள்ளைகளைப் பற்றியே பேசுவாள். சரிவில் வளர்ந்த பிள்ளைகள், தரை சாய்ந்திருந்தாலும் கோடு செங்குத்தாக இருக்க முடியும் என்பதை சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள் என்பாள். "நான் இன்னா கேக்கறேன், நீ இன்னா சொல்ற?" என்று ஒருநாள் திட்டினேன். "அக்கா, சுவரு எங்கயும் ஓடிப் போவாது. அளவும் மாறாது. என்னைக்காவது ஒருத்தர் டேப்ப நேரா புடிச்சா போதும்" என்றாள். அவ்வளவு பொறுமை எதற்கு? கத்தியிருக்க வேண்டாமா, ஊரைக் கூட்டியிருக்க வேண்டாமா என்று இன்னும் அவளோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் சொல்ல ஆள் இல்லை.

போன வாரம் பள்ளியில் இரங்கல் கூட்டம் நடந்தது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவதை அன்று கண்ணால் பார்த்தேன். கோமதி கோடு போட்டதுபோல் வாழ்ந்தார் என்று பேசிய தலைமையாசிரியருக்குக் குரல் தழுதழுத்தது. பிறகு புரவலர் எழுந்தார். மறைந்த ஆசிரியையின் நினைவாகத் தன் சொந்தச் செலவில் ஒரு நினைவு வளைவு கட்டித் தருவதாக அறிவித்தார். எங்கே என்றால், பள்ளிக்குப் பக்கத்தில் பயன்படாமல் கிடக்கும் சந்தின் முகப்பில். அந்த மதிலிலேயே ஒரு பக்கம் சேர்த்து, கோமதி பெயரைப் பொன்னெழுத்தில் பொறித்து. கைதட்டினார்கள். பயன்படாமல் கிடக்கிறதாம். அடைத்தவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வருகிறது, கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

நான் எழுந்திருப்பதற்குள் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்துவிட்டாள். பள்ளிச் சீருடை, இரட்டைச் சடை. இப்போது மேல்நிலைப் பள்ளியில் படிக்கிற ரேவதி. மைக்கெல்லாம் கேட்கவில்லை. "சார், டீச்சர் பேரப் போடுங்க. வேணாம்னு சொல்லல. போடறதுக்கு முன்னாடி அந்தச் சந்த ஒரே ஒரு தடவ டேப்ப நேரா புடிச்சி அளந்துடலாமா? இப்பவே அளக்கலாம். வெளியதான் இருக்குது" என்றாள். கையில் அந்த ஷூ நூல் உருண்டை. காலனித் தாய்மார்கள் பின்னால் நின்றிருந்தார்கள், அவர்கள் ஒவ்வொருவராக அவள் பக்கத்தில் வந்து நின்றார்கள். புரவலர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "துக்க வீட்டுல கணக்குப் பாக்கக் கூடாதும்மா" என்றார் தலைமையாசிரியர். கணக்கு டீச்சருக்கான துக்கத்தில் கணக்குப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது? கூட்டம் முடிந்தது என்று அவசரமாகச் சொல்லி, தேசிய கீதம் பாட வைத்து அனுப்பிவிட்டார்கள்.

கோமதியை அறிந்தவர்களே, அழுதது போதும். அவள் பெயரை அந்தச் சுவரில் எழுத விடாதீர்கள். எழுதினால், தான் கோணல் என்று சொன்ன சுவருக்கு அவளே காவல் நிற்க வேண்டியிருக்கும். உயிரோடு இருந்தபோது அவளை இழுத்துப் பார்த்தார்கள், அவள் சாயவில்லை. செத்த பிறகு சாய்க்க விடாதீர்கள். இதை மலரில் போட மாட்டார்கள் என்று தெரியும். போடாவிட்டால் காலனியில் நின்று நானே வாசிப்பேன். இனி என்னை எந்த மலைக்கு மாற்றுவார்கள்?

அவளிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்ள ஒன்றுதான் இருக்கிறது. கூட்டம் கலைந்தபோது ரேவதி அந்த நூலில் ஒரு துண்டை அறுத்து என்னிடம் கொடுத்தாள். அதில், சந்தின் முன்பக்க அகலத்துக்குப் போட்ட முடிச்சு அவிழாமல் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை காலை, பிள்ளைகள் பள்ளிக்கு வரும் நேரத்தில், நானும் ரேவதியும் காலனிப் பெண்களும் சந்தில் நிற்போம். சர்வேயர் வரட்டும், புரவலர் வரட்டும், தலைமையாசிரியரும் வரட்டும். நூலின் அந்த முனையை அவர்களில் யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். இந்த முனையை நான் பிடித்துக்கொள்கிறேன். அவர்கள் எதிரே வந்து நிற்கும் வரைக்கும் விடமாட்டேன்.